பாண்டியன் துணியும் ஆம்பூர்த் தோலும்

கோவை
21.9.2025, ஞாயிறு

மாமா,

இன்று போனில் நீங்கள் போட்ட சத்தம் கேட்டில் நின்ற காவலருக்கே கேட்டுவிட்டது. இந்தப் போலீஸ் பயிற்சிப் பள்ளியில் வாரம் முழுக்கப் போனை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்தான் கையில் கொடுக்கிறார்கள். அதையும் சண்டைக்கே கொடுத்தால் நான் என்ன செய்வது? அதனால் பயிற்சி முடிகிறவரை போன் வேண்டாம். எழுதுங்கள். எழுதும்போது யாராலும் கத்த முடியாது.

"நாள் பூரா அங்க அப்டி இன்னாதான் பண்றீங்க?" என்று கேட்டீர்கள். ரிவால்வரைப் பிரிக்கிறோம், துடைக்கிறோம், திரும்பப் பூட்டுகிறோம். அவ்வளவுதான். கேட்க உப்புச்சப்பில்லாத வேலையாக இருக்கும். எனக்கு என்னவோ பிடித்துவிட்டது.

துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் சிலிண்டரைத் திறந்து குண்டு இல்லை என்று பார்க்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டி அவரையும் பார்க்கச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் ஸ்க்ரூடிரைவரைத் தொடலாம். பக்கத்துத் தகட்டைக் கழற்றினால் உள்ளே ஹேமர், ட்ரிகர், ஸ்பிரிங், சிலிண்டரைத் தள்ளிவிடும் ஒரு சின்னத் துண்டு எல்லாம் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பார்க்க அழகாக இருக்கிறது மாமா.

முதல் நாள் அந்தத் தகட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "இன்னாம்மா, அப்பள டப்பாவா திறக்குறே?" என்றார் இன்ஸ்பெக்டர் சாமிநாதன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாண்டியன்தான் சொல்லிக் கொடுத்தார். அவர் திருப்பத்தூர் ஆயுதப்படை, நம்ம பக்கத்து ஆள். ஸ்க்ரூவை எடுத்துவிட்டு, கைப்பிடிப் பக்கம் மரக்கட்டையால் மெதுவாகத் தட்ட வேண்டுமாம். "அவசரப்படாதீங்க ஹேமா, அதுவே எழுந்து வரும்" என்றார். அப்படியேதான் வந்தது.

இருவருக்கும் சேர்த்து ஒரே ரிவால்வர், ஒரே பெஞ்சு. இதில் தேறிவிட்டால் எனக்கு வேலூர் ஆயுதக் கிடங்கிலேயே துப்பாக்கிகளைப் பராமரிக்கும் ஆர்மரர் வேலை. பந்தோபஸ்து கிடையாது. சாயங்காலம் சத்துவாச்சாரியில் பஸ் ஏறினால் விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாதனூரில் இருப்பேன். நீங்கள் ஆசைப்பட்டதும் அதுதானே?

அத்தைக்குக் கால் வலி எப்படி இருக்கிறது?

ஹேமலதா


மாதனூர்
25.9.2025

ஹேமா,

கடிதம் வந்தது. கம்பெனி பஸ்ஸில் வைத்துப் படித்தேன். மாதனூரில் ஏறி ஆம்பூரில் இறங்குகிறவரை படித்தேன். என் பெயர் அதில் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. பாண்டியன் இருக்கிறார். நடு மத்தியில், சம்மணம் போட்டு.

உன்னை ஹேமா என்று கூப்பிட அவருக்கு யார் சொன்னது? போலீஸில் மேடம் என்று ஒரு வார்த்தை இருந்ததே, அது என்ன ஆயிற்று? கல்யாணமாகி நாலு மாதம் கழித்துத்தான் நான் ஹேமா என்று கூப்பிட்டேன். அதுவும் நீ திரும்பிப் பார்க்கவில்லை என்று இரண்டாவது தரம் கூப்பிட்டேன்.

அவர் மெதுவாகத் தட்டிச் சொல்லிக் கொடுக்கிறார், நான் போனில் கத்துகிறேன். அதைத்தானே சொல்ல வருகிறாய்? எழுதாமலே புரிந்துவிட்டது.

நான் ஒன்றும் சந்தேகப்படுகிறவன் இல்லை. தோல் வெட்டுகிற கட்டிங் செக்ஷனில் எத்தனையோ பெண்பிள்ளைகளோடு வேலை செய்கிறேன், நீ ஒரு வார்த்தை கேட்டதில்லை. அது வேறு. அங்கே எல்லாரும் மெஷினைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். நீங்கள் இரண்டு பேரும் ஒரே சாமானைப் பார்த்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். தலை எவ்வளவு கிட்ட இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

அவருக்கு வயசு என்ன? கல்யாணம் ஆகிவிட்டதா? சும்மாதான் கேட்கிறேன்.

அம்மாவுக்குக் கால் வலி கம்மிதான். எனக்குத்தான் பேஜாராக இருக்கிறது.

பெருமாள்


கோவை
2.10.2025, விஜயதசமி

மாமா,

வயசு முப்பத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை. போதுமா? இந்த இரண்டு பதிலையும் படித்ததும் உங்கள் முகம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.

நேற்று ஆயுத பூஜை. எல்லாத் துப்பாக்கியையும் வரிசையாக மேசையில் வைத்துப் பொட்டு வைத்தார்கள். பூஜை முடிந்ததும் இன்ஸ்பெக்டர் சாமிநாதன், "சாமி கும்ட்டாச்சி இல்ல? ஒரு துளி குங்குமம் உள்ள இருந்தா தொலைச்சிடுவேன்" என்றார். அப்புறம் சாயங்காலம் வரை பொட்டு அழிக்கிற வேலைதான். சந்தனம் ஈரம், குங்குமம் தூள். இரண்டும் ஸ்க்ரூ பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

துடைக்கும் துணியில்கூட விஷயம் இருக்கிறது. புதுத்துணி நூல் விடும், அந்த நூல் ஸ்பிரிங்கில் மாட்டும். துவைத்துத் துவைத்து நைந்துபோன பருத்தித் துணிதான் சரி. என்னிடம் இல்லை. பாண்டியன் தன் பழைய வேட்டியைக் கிழித்துப் பாதி எனக்குக் கொடுத்தார். எண்ணெயும் அப்படித்தான். தாராளமாக ஊற்றினால் நல்லது என்று நினைத்தேன். தூசியை இழுத்துப் பிடித்துக் களிம்பாகிவிடுமாம். ஒரு சொட்டு போதும், அதையும் துடைத்து எடுக்க வேண்டும்.

உங்கள் கோபமும் அப்படித்தான் மாமா. கொஞ்சம் இருந்தால் நன்றாகத்தான் இருக்கிறது, என்மேல் ஆசை என்று தெரிகிறது. நீங்கள் குடத்தோடு கவிழ்க்கிறீர்கள்.

பாண்டியன் முழங்கால் போன ஆள். ஒரு பந்தோபஸ்தில் கூட்டம் தள்ளி விழுந்ததாம். வெயிலில் நின்றால் கால் வீங்கிவிடுகிறது. இந்தப் பயிற்சியில் தேறினால் உட்கார்ந்து செய்கிற வேலை கிடைக்கும் என்று வந்திருக்கிறார். எனக்கு இது வசதி, அவருக்கு வேறு வழியில்லை. கொஞ்சம் இரக்கப்படுங்கள்.

ஹேமலதா


மாதனூர்
8.10.2025

ஹேமா,

இரக்கப்பட்டேன். அரை நாள். அப்புறம் அந்த வேட்டி ஞாபகம் வந்துவிட்டது.

ஒரு ஆம்பளை இடுப்பில் கட்டின வேட்டி. அதை அவர் கிழிக்க, நீ கையில் வாங்கி, தினமும் காலையிலிருந்து சாயங்காலம் வரை பிடித்துக்கொண்டிருக்கிறாய். இதை எழுதினால் சந்தோஷப்படுவேன் என்று எப்படி நினைத்தாய்? நைந்த துணி வேண்டுமென்றால் இந்த வீட்டில் எவ்வளவு கிடக்கிறது! என் பனியன் ஒன்று ஜன்னல் கம்பியில் காய்கிறது, அதைவிட நைந்தது இந்த ஜில்லாவிலேயே கிடையாது. ஒரு வார்த்தை எழுதியிருந்தால் அனுப்பியிருப்பேனே.

பார்சலில் ஒன்று அனுப்பியிருக்கிறேன். ரிவால்வருக்கு உறை. தோல் நானே பார்த்துப் பார்த்து எடுத்தேன். வெளிநாட்டு ஆர்டருக்கு வந்ததில் ஓரம், ஒரு கீறல் கிடையாது. நானே வெட்டினேன். சாம்பிள் செக்ஷன் தபரேஸ் தைத்துக் கொடுத்தான். "பொண்டாட்டிக்கு ஹேண்ட்பேக் தைச்சிக் கேப்பான்னு பாத்தா, துப்பாக்கிக்கி பை கேக்குறானே இந்த தோஸ்து" என்று செக்ஷன் முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

இனிமேல் வேலை முடிந்ததும் துப்பாக்கியை இதில் வை. அந்த வேட்டித் துணியில் சுற்றி வைக்காதே. உன் கையில் இருக்கிற சாமானில் என் கையும் பட்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

தீபாவளிக்கு வருகிறாயா?

பெருமாள்


கோவை
14.10.2025

மாமா,

உறை வந்தது. இரண்டு நாள் தலையணைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். தோல் வாசனை வந்தால் நம்ம ஊர் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கிறது. பக்கத்துக் கட்டில் பெண் மூக்கைப் பொத்திக்கொள்கிறாள், அவளுக்கு என்ன தெரியும்?

என்னமாய் வெட்டியிருக்கிறீர்கள்! அளவு சொல்லவே இல்லையே, எப்படித் தெரிந்தது? பாண்டியனிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க வூட்டுக்காரரு கை நல்ல கை" என்றார். இதற்கும் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சனிக்கிழமை வண்டி ஏறுகிறேன். தீபாவளி முடிந்ததும் செவ்வாய்க்கிழமை இங்கே வந்துவிட வேண்டும். முறுக்கு மாவு நான் வந்து பிசைகிறேன், அதுவரை மாவைத் தொடவேண்டாம் என்று அத்தையிடம் சொல்லுங்கள்.

ஹேமா


கோவை
23.10.2025

மாமா,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை நான் ஊருக்குக் கிளம்பும்போது ரிவால்வரைச் சுத்தம் செய்து, உங்கள் உறையில் போட்டு, எங்கள் பெட்டியில் வைத்தேன். பாண்டியன்தான் பெட்டியைப் பூட்டிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். அவர் ஊருக்குப் போகவில்லை. இங்கே மூன்று நாளும் அடை மழை.

நேற்று இன்ஸ்பெக்டர் எல்லார் பெட்டியையும் திறந்து பார்த்தார். உறையிலிருந்து எடுத்ததுமே தெரிந்துவிட்டது. பேரல் மேலும் சிலிண்டர் மேலும் தோல் ஒட்டியிருந்த இடமெல்லாம் புள்ளி புள்ளியாகத் துரு. தகட்டைக் கழற்றினால் உள்ளே ஹேமர் ஓரத்திலும் பழுப்பாகப் பூத்திருக்கிறது. தோலில் இருந்த ஈரமும் உப்பும் வெளியே போக வழியில்லாமல் இரும்பில் இறங்கிவிட்டது என்றார். இடுப்பில் மாட்டிக்கொண்டு போகத்தான் தோலுறை, வீட்டுக்கு வந்தால் உருவித் துணியில் வைக்க வேண்டும் என்று அடுத்த வாரம் பாடம் இருந்ததாம். எனக்குத் தெரியவில்லை மாமா. அதிகாரிகள் எல்லாம் தோலில்தானே வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அதுவும் நம்ம ஊர்த் தோல். அது கெடுதல் செய்யும் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

"யார்து இந்தப் பை?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பாண்டியன், "என்னுது சார்" என்றார்.

நான் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தேன். பயம். அந்த ஒரு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அப்புறம் இன்ஸ்பெக்டர் அறைக்குப் போய், பை என்னுடையது, வைத்தது நான், அவர் பூட்ட மட்டும்தான் செய்தார் என்று சொன்னேன். "பதிவேட்ல யார் கையெழுத்து இருக்கு? கூட ஒக்காந்தவனக் காப்பாத்த வந்தியா?" என்று வெளியே அனுப்பிவிட்டார்.

இன்று காலை பாண்டியனைப் பயிற்சியிலிருந்து எடுத்துத் திருப்பத்தூருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "ஏன் இப்டி பண்ணீங்க?" என்று கேட்டேன். "ஒருத்தராவது பாஸ் பண்ணட்டும்" என்றார். பையைத் தூக்கிக்கொண்டு நொண்டிக்கொண்டே போனார். மறுபடி போய் வெயிலில் நிற்கப் போகிறார்.

உங்களை ஒன்று கேட்க வேண்டும். தோல் இரும்பை இப்படிச் செய்யும் என்று உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?

ஹேமலதா


மாதனூர்
27.10.2025

ஹேமா,

படித்தேன். வருத்தமாகத்தான் இருக்கிறது. அழாதே. துரு என்பது எதில் வராது? மூன்று நாள் மழை என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்த அறை எப்படிப்பட்ட அறையோ, கூரை ஒழுகுகிறதோ என்னவோ. உள்ளே குங்குமம் கொஞ்சம் தங்கியிருந்திருக்கும். பூட்டினவர் கை வியர்வையாகவும் இருக்கலாம். சில பேருக்குக் கை ரொம்ப வியர்க்கும்.

அவர் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டது அவர் இஷ்டம். யாராவது போடச் சொன்னார்களா? அதை ஒரு பெரிய தியாகமாக நினைத்துக்கொண்டு நீ படிப்பைக் கோட்டை விடாதே. இனி பெஞ்சில் இடமும் தாராளமாக இருக்கும். கவனம் சிதறாமல் வேலை செய்யலாம்.

உறையைத் திருப்பி அனுப்பிவிடு. வேறு எதற்காவது ஆகும்.

பெருமாள்


கோவை
31.10.2025

மாமா,

கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. மழை இருக்கிறது, கூரை இருக்கிறது, குங்குமம் இருக்கிறது, பாண்டியன் கை வியர்வைகூட இருக்கிறது. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை இல்லை. அதனால் நானே யோசித்துப் பார்த்தேன்.

கல்யாணமான புதிதில் உங்கள் கம்பெனியைக் காட்டக் கூட்டிப் போனீர்கள். அன்று சனிக்கிழமை. எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பிய பிறகும் நீங்கள் கிளம்பவில்லை. தோலை வெட்டுகிற இரும்பு அச்சு ஒவ்வொன்றையும் தோல் கட்டின் மேலிருந்து எடுத்து மரத்தட்டில் அடுக்கிவிட்டார்களா என்று மேசை மேசையாகப் போய்ப் பார்த்தீர்கள். ஒரு அச்சை எவனோ அப்படியே விட்டிருந்தான். "லீவு நாள்ல இரும்ப தோல் மேல வுட்டா ரெண்டும் நாசமாப் போய்டும்னு எத்தினி வாட்டி சொல்றது!" என்று கத்தினீர்கள். எனக்கே பயமாகிவிட்டது.

அந்த மனுஷனுக்குத் தெரியாதா?

தீபாவளிக்கு முந்தின சாயங்காலம் முறுக்கு பிழிந்துகொண்டே உங்களிடம் சொன்னேன். "உங்க ஒறைலதான் போட்டு வெச்சிட்டு வந்திருக்கேன், இப்பவாவது மனசு ஆறிச்சா?" என்றேன். நீங்கள் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தீர்கள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்தேன் மாமா! அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாண்டியனுக்கு ஒரு போன் போட்டிருப்பேன். அவர் அங்கேதான் இருந்தார், லீவு என்பதால் போனும் அவர் கையில் இருந்தது. உருவி வெளியே வைத்திருப்பார்.

அவருக்குப் போன் போடக்கூடாது என்றுதானே சொல்லவில்லை?

நீங்கள் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. பாண்டியன் போய்விட்டார். பெஞ்சில் நான் மட்டும் உட்கார்ந்து துரு எடுக்கிறேன். எண்ணெயில் நனைத்த துணியால், சுரண்டாமல், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேய்க்க வேண்டும். அவர் வேட்டித் துணிதான். வேறு இல்லை.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். இதுவரை பாண்டியனைப் பார்த்து நீங்கள் பொறாமைப்பட எதுவுமே இல்லை. பெஞ்சில் சேர்ந்து வேலை செய்தோம், வேலை முடிந்தால் அவர் பக்கம் அவர், என் பக்கம் நான். இப்போது இருக்கிறது. தினமும் அவரை நினைக்கிறேன். நீங்கள்தான் நினைக்க வைத்தீர்கள்.

தேர்வு முடிந்து எங்கே போவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. வேலூரில் குவார்ட்டர்ஸ் கேட்டால் கொடுப்பார்கள்.

ஹேமலதா


ஆம்பூர் ரயில்வே ஸ்டேஷன்
7.11.2025, வெள்ளி

ஹேமா,

தெரியும். உறையைத் தைக்கக் கொடுத்தபோதே தபரேஸ் கேட்டான். "புதுத் தோல்ல இரும்பு வெச்சா இன்னா ஆவும்னு ஒனக்குத் தெரியாதா?" என்றான். கொஞ்ச நேரம்தானே வைப்பாள், தினமும் எடுப்பாள் என்று சொன்னேன். அதை நானும் நம்பினேன். அதுவரை கெட்ட எண்ணம் இல்லை, அதை மட்டும் நம்பு. முறுக்கு பிழியும்போது நீ சொன்னாயே, அப்போதுதான் அது லீவு முழுக்க உறையிலேயே கிடக்கப் போகிறது என்று புரிந்தது. சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அவருக்குப் போன் போடுவாய், அவர் எடுப்பார், தீபாவளி அன்று என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு நீ அவரோடு பேசுவாய். அதைப் பார்க்க என்னால் முடியாது என்று தண்ணீர் குடிக்கப் போனேன். என் வயிற்றெரிச்சல் உன் துப்பாக்கியில் இறங்கட்டும் என்று விட்டுவிட்டேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

புதன்கிழமை திருப்பத்தூர் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏதோ ஊர்வலத்துக்குப் பந்தோபஸ்து. பாண்டியன் ஒரு தடுப்புக் கம்பியில் சாய்ந்து நின்றிருந்தார். நான் நினைத்ததைவிட உயரம். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. ஹேமலதா வீட்டுக்காரன் என்றதும் நேராக நின்றார். நடந்ததைச் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். "வுடுங்க, துருதானே, தேய்ச்சா போய்டும்" என்றார்.

அதோடு வந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "எம் பொண்டாட்டி மேல ஒங்களுக்கு எதனா ஆசை இருக்குதா?" என்று கேட்டுவிட்டேன். ரோட்டில் வந்த ஒரு ஆட்டோவைக் கைகாட்டி ஓரமாக அனுப்பினார். அப்புறம், "அது ஹேமாவுக்குத் தெரியாது. தெரியவும் வாணாம்" என்றார்.

இதை உனக்கு எழுதலாமா என்று ராத்திரி முழுக்கப் புரண்டேன். மறுபடி ஒன்றை மறைத்து வைத்தால் நான் எந்த ஜென்மத்திலும் திருந்த மாட்டேன். அதனால் எழுதிவிட்டேன்.

நேற்று கோவை வந்தேன். நீ அப்போது உள்ளே பெஞ்சில் இருந்தாய். இன்ஸ்பெக்டரைப் பார்த்து எல்லாம் சொன்னேன். உறைக்கு வெட்டியது போக மீதியிருந்த தோலைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அவரிடம் இருந்த உறையின் ஓரத்தோடு கோட்டுக்குக் கோடு சேர்ந்தது, அப்புறம்தான் நம்பினார். "ஒங்க வூட்டு அம்மா பக்கத்துல ஒக்காந்தவன் மேல இருந்த கோவத்த அரசாங்கத் துப்பாக்கி மேல காட்டினியா?" என்றார். ஆமாம் சார் என்றேன். வாழ்க்கையில் யாரும் என்னை அப்படித் திட்டியதில்லை. கேட்டுக்கொண்டு நின்றேன். என்மேல் என்ன நடவடிக்கை வேண்டுமானாலும் எடுங்கள், அந்த மனுஷனை மட்டும் திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன். கடைசியில், அந்தப் பாடம் நடக்காததால் உன்மேலும் தப்பில்லை என்று சொல்லிவிட்டு, என் எதிரிலேயே திருப்பத்தூருக்குப் போன் போட்டார்.

திங்கட்கிழமை பாண்டியன் வருகிறார். அதே பெஞ்சு, உன் பக்கத்து இடம். வேறு இடத்தில் உட்கார வைக்கட்டுமா என்று இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். நாக்கு நுனிவரை வந்துவிட்டது ஹேமா. வேண்டாம் சார், அங்கேயே உட்காரட்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். உன்னைப் பார்க்க வேண்டும் என்று கேட்கவில்லை.

நான் மாறிவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை காலையில் நான் கட்டிங் மெஷின் முன்னால் நிற்கும்போது நீங்கள் இரண்டு பேரும் குனிந்து உட்கார்ந்திருப்பீர்கள். எனக்கு வயிறு எரியும். எரியட்டும். நீ தேறு. அவரும் தேறட்டும். முடிந்ததும் குவார்ட்டர்ஸுக்குப் போவதா, மாதனூருக்கு வருவதா என்று நீதான் சொல்ல வேண்டும். நான் கேட்க மாட்டேன்.

பெருமாள்